மிலிட்டரி டிரெய்லரை ஜீப்பில் மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏலத்தில் எடுத்த இரண்டு சக்கர மிலிட்டரி டிரெய்லரை ஜீப், பொலிரோ மாதிரியான வண்டிக்குப் பின்னால் கட்டி ஏற்காடு எஸ்டேட்டுகளில் காப்பி மூட்டை, உரம், சில்வர் ஓக் துண்டுகள், தண்ணீர் ஏற்றுகிறவர்களுக்காக எழுதியது இது. அந்த டிரெய்லர் லாரிக்குப் பின்னால் ஓடுவதற்காகப் பிறந்தது. அதன் உயரம், ஸ்பிரிங், கண் வளையம் (கொக்கியில் மாட்டும் முன் வளையம்), பிரேக், கரண்ட் எல்லாமே லாரி அளவு. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையிலிருந்து வருபவை. அதனால் டிரெய்லரின் எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்னும் அது எந்த எடைக்குச் செய்தது, இப்போது என்ன எடை தாங்கப் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்பேனரைத் தொடும் முன் எடை மேடைக்குப் போங்கள். மூன்று சீட்டு வேண்டும்: ஜீப் தனியாக, டிரெய்லர் காலியாக, டிரெய்லர் வழக்கமான லோடுடன். தகட்டில் "ஒரு டன்" என்று இருந்தால் அது ஏற்றும் சுமை, டிரெய்லரின் சொந்த எடை அதற்கு மேல். அமெரிக்க எம்-101 வகை முக்கால் டன் டிரெய்லரே காலியாகச் சுமார் 600 கிலோ இருக்கும். தகட்டைப் படித்துவிட்டு ஒரு டன் ஏற்றுகிறவர் ஜீப்பின் எடையையே அதன் வாலில் கட்டுகிறார்.

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இடம் கொடுப்பதில்லை. ஆக்சில், டிராபார் (கண் வளையத்தைத் தாங்கும் முன் சட்டம்), பிரேக் இவற்றில் கை வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வெல்டிங் முடிந்த பிறகு கேட்டால் வேலை இரண்டு மடங்கு.

## அறிகுறி 1: மாட்டினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது

சமதளத்தில், வழக்கமான லோடுடன் பாருங்கள். பெட்ரோல் பங்க் தரை போதும். சேஸின் முன் மூலையும் பின் மூலையும் தரையிலிருந்து எவ்வளவு என்று டேப்பில் அளங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிசெய்ய வேண்டும். மூக்கு தூக்கினால் எடை பின்னால் போகும், டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்.

செலவு குறைந்ததிலிருந்து வரிசை இது:

கண் வளையம் போல்ட்டில் பிடித்திருக்கிறதா? அப்படியானால் கழற்றி, கீழே இறங்கிய தகடு ஒன்றைச் செய்து, அதில் பிடிக்கலாம். தகடு 16 மி.மீ. கனம், போல்ட் 8.8 கிரேடு, 16 மி.மீ., குறைந்தது நான்கு. போல்ட் தலையில் 8.8 என்று எழுத்து இல்லாததை வாங்காதீர்கள்.

ஜீப் பக்கக் கொக்கியை உயர்த்துவது. 10 செ.மீ. வரை துளைத்தகடு வைத்து உயர்த்தலாம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு பிரேக்குக்கும் தகடு பின் குறுக்குச் சட்டத்தைத் திருகும். தகட்டின் மேல் முனையிலிருந்து சேஸ் வரை இரண்டு பக்கமும் சாய்வுத் தாங்கி கொடுத்தே தீர வேண்டும்.

டயரைச் சின்னதாக்குவது. 9.00-16 டயரின் விட்டம் சுமார் 90 செ.மீ., 7.50-16 சுமார் 81 செ.மீ. மாற்றினால் ஆக்சில் நாலரை செ.மீ. இறங்கும். ரிம் அகலத்துக்கு அந்த டயர் சேருமா என்று டயர்க்கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆக்சிலை ஸ்பிரிங்குக்கு மேலே கொண்டுபோவது. ஆக்சில் ஸ்பிரிங்குக்கு அடியில் இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஆக்சில் கனமும் பட்டைக் கட்டின் (அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகளின்) கனமும் சேர்ந்து டிரெய்லர் 12, 15 செ.மீ. இறங்கிவிடும். அதன்பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே, லோடு ஏறிய நிலையில், 8 செ.மீ.யாவது காலி இடம் வேண்டும். ஆக்சிலில் ஸ்பிரிங் இருக்கையை வெல்டு செய்ய வேண்டியிருப்பதால் இதை நீங்களே செய்யாதீர்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஆக்சில் வேலை மட்டுமே செய்யும் பட்டறைகளுக்குக் கொண்டுபோங்கள்.

டிராபாரைக் காய்ச்சி வளைத்து இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டிரெய்லரைத் திரும்ப ஓட்டிவந்துவிடுங்கள். சிவக்கக் காய்ச்சிய இடத்தில் இரும்பின் பழைய பலம் போய்விடும். மடிவது பிறகு அங்கேதான்.

## அறிகுறி 2: கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் "டங்" என்று அடிக்கிறது

மிலிட்டரிக் கொக்கியும் வளையமும் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். வளையத்தின் உள்விட்டம் 76 மி.மீ., கொக்கி அதைவிட மெல்லியது. லேசான சத்தம் கோளாறு இல்லை. முதுகில் உதைப்பது போல வந்தால் இப்படிப் பாருங்கள்.

கொக்கியின் மேல் தாழ்ப்பாள் முழுதாக மூடி, குறுக்கு ஊசி இறங்கியிருக்கிறதா? மண் அடைத்துக்கொண்டு பாதியில் நிற்பது சகஜம். அடுத்து கொக்கியை ஜீப்பில் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பிறகு தேய்மானம்: வளையத்தின் அடிக் கம்பியை வெர்னியரில் அளந்து, தேயாத பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் வளையத்தை மாற்றுங்கள். மேலே வெல்டிங் போட்டு நிரப்புவது வேண்டாம்.

யாரும் பார்க்காத இன்னொன்று, சுழலும் வளையம். பல மிலிட்டரி டிராபார்களில் கண் வளையம் தன் அச்சில் சுழலும். மேடு பள்ளத்தில் ஜீப் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும்போது முறுக்கு ஏறாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வருடக்கணக்கில் மழையில் நின்ற டிரெய்லரில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். வளையத்துக்குள் கடப்பாரை விட்டுத் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, நிப்பிளில் புதுக் கிரீஸ் வெளியே வழியும்வரை அடியுங்கள். இறுகிய வளையத்தோடு நாகலூர், செம்மடுவுப் பக்கத்து எஸ்டேட் மண்பாதைகளில் ஓட்டினால் ஜீப்பின் பின் குறுக்குச் சட்டம்தான் முதலில் கிழியும்.

இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு 50 மி.மீ. பந்துக் கொக்கி வைக்கலாமா? தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற டிரெய்லருக்கு வைக்கலாம், சத்தமே இருக்காது. எஸ்டேட் பாதைக்கு வேண்டாம். பந்து ஓரளவுக்கு மேல் சாய விடாது, கொக்கியும் வளையமும் விடும். பந்துதான் வைப்பது என்றால் அளவைக் கலக்காதீர்கள். இரண்டு இஞ்ச் பந்து 50.8 மி.மீ. அது 50 மி.மீ. கப்ளரில் (பந்தைக் கவ்வும் கிண்ணத்தில்) ஏறி இறுகிக்கொள்ளும், இல்லையென்றால் பாதி மூடிய மாதிரி நிற்கும்.

எந்தக் கொக்கியானாலும் இரண்டு சங்கிலி, டிராபாருக்கு அடியில் குறுக்காக மாற்றிப் போடுங்கள். கொக்கி விட்டால் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி மேல் விழும்.

## அறிகுறி 3: வேகம் பிடித்தால் வால் ஆட்டுகிறது

ஓடும்போது ஆடினால்: ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்த் திசையில் திருப்பவும் கூடாது, பிரேக்கை அழுத்தி மிதிக்கவும் கூடாது. ஆட்டம் தானாக அடங்கும். அதன்பின் ஓரம் கட்டிப் பாருங்கள்.

மூக்கு எடை. முக்கால்வாசி நேரம் விஷயம் இங்கேதான். லோடோடு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும். 1000 கிலோ டிரெய்லருக்கு 50 முதல் 100 கிலோ. அளக்க மண்டித் தராசு போதும். வீட்டில் ஆள் ஏறும் தராசுதான் இருக்கிறது என்றால்: ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைத் தராசு மேலும் வைத்து, பலகையின் நட்டநடுவில் முட்டுக் கொடுத்து வளையத்தை இறக்குங்கள். தராசு பாதி எடை காட்டும், இரண்டால் பெருக்குங்கள். அளக்கும்போது வளையம் ஜீப்பில் மாட்டும் உயரத்திலேயே இருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். குறைந்தால் மூட்டையை முன்னால் தள்ளுங்கள், அதிகமானால் பின்னால். முதல் வரிசை மூட்டை ஆக்சிலுக்கு நேர் மேலே, அடுத்தது அதன் முன்னால், கடைசியாகப் பின்னால் என்று அடுக்கினாலே பாதிக் கோளாறு போகும்.

தண்ணீர்த் தொட்டி வைத்தால் நிரப்பியோ காலியாகவோ ஓட்டுங்கள். பாதித் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாக ஓடி டிரெய்லரை இழுக்கும். 1000 லிட்டர் என்றால் ஒரு டன் என்பதும் நினைவிருக்கட்டும்.

காற்று. இரண்டு டயரிலும் ஒரே அளவா?

வீல் நட், பேரிங் ஆட்டம். ஜாக்கி ஏற்றி டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்றால் அறிகுறி 6-க்குப் போங்கள்.

ஆக்சில் நேராக இருக்கிறதா? கண் வளையத்தின் நடுவிலிருந்து ஆக்சிலின் இரண்டு முனைக்கும் டேப் பிடியுங்கள். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பட்டைக் கட்டின் நடு போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கும். யு-போல்ட் தளர்ந்து, ஆக்சில் உராய்ந்த இடத்தில் துரு இல்லாமல் பளபளவென்று ஒரு கோடு தெரியும். நடு போல்ட்டை மாற்றுவது அரை நாள் வேலை. ஆக்சிலே வளைந்திருந்தால் பட்டறைதான்.

வளைவில் திரும்ப வசதி என்று டிராபாரை வெட்டிக் குட்டையாக்கிய டிரெய்லர் கண்டிப்பாக ஆடும். வெட்டியதற்கு மருந்து கிடையாது, மறுபடி நீளமாக்குவதுதான்.

## அறிகுறி 4: இறக்கத்தில் ஜீப்பைத் தள்ளுகிறது, அல்லது பிரேக் தீயும் வாசனை

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. சமவெளியில் தெரியாத பிரேக் கோளாறு எல்லாம் இங்கே தெரிந்துவிடும். டிரெய்லரில் எந்த வகைப் பிரேக் என்று முதலில் பாருங்கள்.

### கேபிள் கைப்பிரேக் மட்டும் இருக்கிறது

அது நிறுத்தி வைக்க மட்டும். ஓடும்போது பிரேக்கே இல்லாத டிரெய்லர் என்றுதான் கணக்கு. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோதான் உச்சம், அதுவும் இழுக்கும் வண்டியின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைப்பாதைக்கு அதையே வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் சொந்த எடையே 600 கிலோ என்றால் ஏற்ற மிஞ்சுவது 150 கிலோ, மூன்று மூட்டை. அதற்கு மேல் ஏற்ற ஆசையிருந்தால் பிரேக் வைத்தே ஆக வேண்டும்.

### இரண்டு காற்று ஹோஸ் தொங்குகிறது

லாரியின் காற்றுப் பிரேக். ஜீப்பில் கம்ப்ரசர் இல்லை. டேங்கிலிருந்த காற்றைத் திறந்துவிட்டு, பிரேக் விட்டதும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இப்போது அதில் பிரேக்கே கிடையாது, எடை மட்டும் முழுசாக இருக்கிறது. இப்படி ஒரு மீட்டர்கூட மலையில் இறக்காதீர்கள். இதற்குக் கையால் செய்யும் வழி இல்லை. தள்ளு-பிரேக் (டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானே பிடிக்கும் பிரேக்) கப்ளிங்கும் அதற்கேற்ற பிரேக் உள்ள ஆக்சிலும் ஒரே செட்டாக, ஒரே எடைக்கு மதிப்பிட்டதாக வாங்கிப் பட்டறையில் மாட்ட வேண்டும். கப்ளிங் ஒரு கடை, ஆக்சில் ஒரு கடை என்று வாங்கினால் ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

### தள்ளு-பிரேக் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை

ஜீப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ள, டிராபார்க் குழாய் உள்ளே போய்க் கேபிளை இழுக்கும் வகை இது. முதலில் ரிவர்ஸ் தடைக் கொண்டி. பின்னால் எடுப்பதற்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள், அது இருக்கும்வரை பிரேக் வேலையே செய்யாது. அடுத்து கேபிள் துருப்பிடித்து இறுகியதா என்று பாருங்கள். பிறகு லைனிங் இடைவெளி: ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிக்கொண்டே கைப்பிரேக்கை ஒவ்வொரு பல்லாக இழுங்கள். மூன்றாவது நான்காவது பல்லில் சக்கரம் நிற்க வேண்டும், மறு சக்கரமும் அதே பல்லில். குழாயைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ளினால் பாதித் தூரத்துக்குள் சக்கரம் இறுக வேண்டும். முழுதும் போய் முட்டினால் அட்ஜஸ்டரைத் திருப்புங்கள், அதிலும் வராவிட்டால் லைனிங் மாற்றுங்கள்.

### பிடிக்கிறது, ஆனால் தீய்கிறது

நீண்ட இறக்கத்தில் தள்ளு-பிரேக்கின் குணமே இதுதான். எஞ்சின் பிரேக்கில் ஜீப் மெதுவாக இறங்க, டிரெய்லர் முழு நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கும், லைனிங்கும் முழு நேரமும் உரசிக்கொண்டே இருக்கும்.

பாதி வழியில் அகலமான இடத்தில் நிறுத்தி இரண்டு டிரம்மிலும் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறியுங்கள். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். சொட்டு மெல்ல உலர்ந்தால் நல்லது. "சுர்" என்று துள்ளினால் கொதிக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்க அட்ஜஸ்டர் இறுக்கம், இல்லையென்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங் செத்துவிட்டது, அல்லது மறுபக்கம் கிரீஸ் கசிந்து பிடிக்காமல் இந்தப் பக்கம் மொத்த வேலையையும் செய்கிறது. இரண்டும் கொதித்தால் கப்ளிங்கின் டாம்பரைப் பாருங்கள்: குழாயைத் தள்ளினால் நிதானமாக உள்ளே போய் தானாக நிதானமாக வெளியே வர வேண்டும். வராமல் உள்ளேயே நின்றால் டாம்பர் போய்விட்டது. டாம்பரும் நன்றாக இருக்கிறது என்றால் எடை அதிகம் அல்லது கியர் தப்பு.

இறங்கும் முறை: ஏறும்போது எந்தக் கியரோ அதற்கு ஒன்று குறைவாக. பிரேக்கை மிதித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் விடுங்கள். நான்கு சக்கரக் கியர் உள்ள ஜீப் வைத்திருப்பவர்கள் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பாதீர்கள். முன் பின் ஆக்சில் வேகம் ஒத்துப்போகாமல் கியர்ப்பெட்டியில் முறுக்கேறும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பதால், எங்கே நிற்க முடியும் என்று ஒரு வளைவு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

புகை வந்தால் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கைப்பிரேக்கை விட்டுவிடுங்கள். சூட்டில் இழுத்துப் பிடித்தால் ஷூ டிரம்மில் ஒட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் வெடிக்கும். அரை மணி நேரம் காத்திருந்தால் தானாக ஆறும். கிளம்பும்போது வைத்த கல்லை எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போங்கள். பனிமூட்டத்தில் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு அது தெரியாது.

ஒரே வாரத்தில் இரண்டாவது முறை தீய்ந்தால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்த லைனிங்கும் நீலம் பாய்ந்த டிரம்மும் அட்ஜஸ்டரால் சரியாகாது.

## அறிகுறி 5: காலியாக ஓட்டினால் துள்ளுகிறது

டயர் காற்றிலிருந்து தொடங்குங்கள். லாரி டயருக்கு அடிக்கும் காற்றை அடித்து, காலி டிரெய்லரை ஓட்டினால் துள்ளத்தான் செய்யும். 35 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, டயரின் நெற்றியில் குறுக்காக சாக்பீஸால் தடித்த கோடு போட்டு, சமமான தாரில் 20 மீட்டர் இழுங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம், ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. ட்யூப் டயரை 25-க்குக் கீழே இறக்க வேண்டாம். ரிம்மில் டயர் நழுவி வால்வு அறுந்துவிடும்.

அதிலும் துள்ளினால் பட்டை குறைக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். மேலே நீளமான மெயின் பட்டையும் அதை அணைத்துக் கிடக்கும் இரண்டாம் பட்டையும் எடுக்கவே கூடாது. கீழே உள்ள குட்டைப் பட்டைகளிலிருந்து, ஒன்று விட்டு ஒன்றாக, படிக்கட்டு மாதிரியான இறக்கம் கெடாமல் எடுங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை, ஒரே நீளம். முதலில் ஒரு ஜோடி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது.

பட்டை குறைந்தால் கட்டின் கனம் குறையும், பழைய யு-போல்ட்டின் மரை முடிந்து நட் இறுகியதாக ஏமாற்றும். குட்டையான புது யு-போல்ட் வாங்குங்கள். ஒருமுறை இறுக்கிய யு-போல்ட்டை மறுபடி போடாதீர்கள், இழுபட்டிருக்கும். குறுக்கு மாறி மாறி இறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். இதை மறக்கிற டிரெய்லர்தான் அறிகுறி 3-க்குத் திரும்பி வருகிறது.

பட்டை எடுத்த டிரெய்லர் இனி "ஒரு டன்" கிடையாது. புது எடையைப் பெயின்டில் பக்கத் தகட்டில் எழுதிவையுங்கள். அடுத்து எடுத்துக்கொண்டு போகிறவர் உங்கள் மச்சானாகக்கூட இருக்கலாம்.

## அறிகுறி 6: ஹப் சூடாகிறது, ஊளையிடுகிறது

பிரேக் தொடாமல் 10 கி.மீ. சமவெளியில் ஓட்டிவிட்டு ஹப் மூடியைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்.

வீல் நட்டைக் கழற்றும் முன் ஸ்டட் முனையில் "எல்" என்ற ஆங்கில எழுத்து அடித்திருக்கிறதா பாருங்கள். பழைய மிலிட்டரி வண்டிகள் பலவற்றில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. தெரியாமல் குழாய் மாட்டி நெம்பி நாலு ஸ்டட்டை முறித்த பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது.

இன்னொரு ஆபத்து, இரண்டு பாதியாகப் போல்ட்டில் சேர்த்த ரிம். ஹப்பில் பிடிக்கும் நட் ஒரு வட்டம், ரிம்மின் இரு பாதியைச் சேர்க்கும் நட் வெளியே இன்னொரு வட்டம். சேர்க்கும் நட்டுகளுக்குச் சிவப்பு அடித்திருப்பதும் உண்டு, மேலே பச்சை பெயின்ட் அடித்து அது மறைந்திருப்பதும் உண்டு. காற்று இருக்கும்போது அந்த வெளி வட்டத்தைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பறக்கும், ஆள் பிழைக்க மாட்டார். வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் விட்ட பிறகே தொடுங்கள். பஞ்சர் கடைக்கு அனுப்பினாலும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

பேரிங் வேலை: பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துக் கழுவுங்கள், மெழுகாக உறைந்திருக்கும். பழையதன் மேல் புதியதை அப்பாதீர்கள். உருளையில் நீலம், குழி, கோடு எது இருந்தாலும் கப்பும் கோனும் சேர்த்து மாற்றுங்கள். லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை அழுத்துங்கள். ஆயில் சீல் புதியது. மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, இறுகியதும் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது.

ஸ்பிண்டிலில் உள் வளையம் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, லேத்துக்காரரிடம் போங்கள்.

டயரையும் பார்த்துவிடுங்கள். மிலிட்டரி டயரில் பட்டன் புதுசு மாதிரி இருக்கும், வயது பக்கச் சுவரில் இருக்கும். நான்கு இலக்கம் தேடுங்கள்: 2409 என்றால் 2009-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரம். பக்கச் சுவரில் நகம் நுழையும் வெடிப்பு இருந்தால் பட்டனைப் பார்த்து மயங்காமல் மாற்றுங்கள்.

## அறிகுறி 7: வளைவில் உரசுகிறது, தரையில் கீறுகிறது

தரையில் கீறுவது பெரும்பாலும் முன் தாங்குகால். மடித்து ஊசி போட்டீர்களா? போட்டும் கீறினால் காலின் அடித்தட்டை 10 செ.மீ. வெட்டிவிடுங்கள், நிறுத்தும்போது கட்டை வைத்துக்கொள்ளலாம்.

ஜீப் பம்பரில் டிரெய்லர் பெட்டியின் மூலை உரசினால், காலி மைதானத்தில் ஒருவர் பார்க்க மெதுவாக முழு ஸ்டீயரிங் திருப்பி, எங்கே தொடுகிறது என்று அளங்கள். குறைந்தது ஒரு சாண் இடைவெளி வேண்டும். முதலில் ஜீப்பின் பின் ஸ்டெப்னியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், உரசுவது அதுவாகவே இருக்கும். பிறகு பெட்டி மூலையைச் சாய்வாக வெட்டலாம். கடைசி வழி டிராபாரை நீட்டுவது, அது பட்டறை வேலை.

## அறிகுறி 8: விளக்கு மங்கல், அல்லது தாறுமாறு

டிரெய்லர் 24 வோல்ட், ஜீப் 12 வோல்ட். 24 வோல்ட் பல்பு 12-ல் மினுக்கட்டாம் பூச்சி மாதிரி எரியும். எல்லா பல்பையும் 12 வோல்ட்டுக்கு மாற்றினால் பாதிப் பேருக்கு வேலை முடிந்தது.

ஒரு இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்கினால் எர்த் இல்லை. கொக்கி வழியாக எர்த் வரும் என்று விட்டிருப்பார்கள், கொக்கியில் துருவும் கிரீஸும் இருக்கும். 2.5 சதுர மி.மீ. வெள்ளை வயர் ஒன்றைத் தனியாக இழுத்து, பெயின்ட் சுரண்டிய சேஸில் பிடியுங்கள். பழைய மிலிட்டரி வயரிங்கில் கான்வாய் விளக்கு, மறைப்பு சுவிட்ச் என்று பல கிளை. அதைப் பழுதுபார்ப்பதைவிட மொத்தமாகக் கழற்றிவிட்டு, ஏழு முனை சாக்கெட்டில் புதிதாக இழுப்பது மலிவு. முனை வரிசை: 1 இடது இண்டிகேட்டர், 2 பின் பனி விளக்கு, 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது பின் விளக்கு, 6 பிரேக் விளக்கு, 7 இடது பின் விளக்கு.

பல்பு கூடியதும் இண்டிகேட்டர் வேகம் மாறினால் ஃபிளாஷரை அதிக வாட்டுக்கு மாற்றுங்கள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். வயர் எங்கோ சேஸில் உரசித் தோல் போயிருக்கிறது.

## அறிகுறி 9: டிராபாரில் மயிர்க்கோடு

பெயின்ட் வெடிப்பா, இரும்பு விரிசலா என்று சந்தேகமாக இருந்தால்: பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, உலரத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் ஈரக்கோடாகத் தெரியும். டிராபார் சேஸில் சேரும் இடம், வளையம் பிடித்த இடம், யாராவது முன்பு வெல்டு செய்த இடம், இந்த மூன்றிலும் செய்து பாருங்கள். மழைக்காலம் முடிந்து காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கும் முன் வருடம் ஒருமுறை செய்தால் போதும்.

ஈரக்கோடு வந்தால் லோடு நிறுத்தம். தெருமுனை வெல்டரிடம் மேலே ஒரு கோடு இழுத்து வாங்கிக்கொண்டு மலை ஏறாதீர்கள், அது கோட்டை மறைக்கும், விரிசல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சரியான வேலை: விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு நிறுத்தி, வி வடிவில் அடிவரை அரைத்து, சூடுபடுத்தி உலர்த்திய 7018 ராடில் நிரப்பி, மேலே வைரக்கல் வடிவ ஒட்டுத்தகடு போடுவது. செவ்வகத் தகடு போட்டு நேர்க்கோட்டில் குறுக்காக வெல்டு செய்தால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே வரும். ராடை எந்த அடுப்பில் உலர்த்துகிறீர்கள் என்று கேளுங்கள். கேள்வி புரியாத பட்டறையிலிருந்து டிரெய்லரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஆக்சில் குழாயிலோ ஸ்பிரிங் பட்டையிலோ விரிசல் தெரிந்தால் வெல்டிங் பேச்சே கிடையாது. அந்தப் பாகத்தை மாற்றும்வரை டிரெய்லர் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.